பழைய துப்பாக்கி சேகரிப்பில் நேர்மையும் நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உரிமம், பதிவு போன்ற விஷயங்களில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

எவ்வளவு பழசா இருந்தா "ஆன்டீக்" என்று சொல்லலாம்?

சேகரிப்பவர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். சட்டம் அப்படி இல்லை. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத்தான் ஆன்டீக் என்கிறது. பிரிட்டனில் வயதோடு, அதற்கான தோட்டா வழக்கொழிந்துவிட்டதா என்பதையும் பார்க்கிறார்கள்.

மாடலின் ஆண்டு வேறு, உங்கள் கையில் இருக்கும் துப்பாக்கியின் ஆண்டு வேறு. வின்செஸ்டர் 1894 என்ற ரைபிள் நூறு ஆண்டுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. "1894 வின்செஸ்டர்" என்று மட்டும் எழுதி விற்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர் தப்பாகப் புரிந்துகொள்ள வசதி செய்து கொடுக்கிறார். இந்தத் துறையில் நடக்கும் ஏமாற்றில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

விற்கிறவர் "எல்லாமே ஒரிஜினல்" என்கிறார். அதுக்கு என்ன அர்த்தம்?

எதுவாகவும் இருக்கலாம். ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த அதே பாகங்கள் என்று ஒருவர் நினைப்பார். ராணுவம் கைகழுவியபோது இருந்த நிலை என்று இன்னொருவர் நினைப்பார். போர்க்கால ரைபிள்கள் பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்டவை. பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டில் "எஃப்டிஆர்" என்ற முத்திரை இருந்தால், ஆலையிலேயே முழுப் பழுதுபார்ப்பு முடிந்து மறுபடி சேவைக்குப் போனது என்று பொருள். அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்ட் ரைபிள்களில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு ராணுவக் கிடங்குகளில் வேறு வேறு பாகங்களோடு மறுசேர்க்கை கண்டவை. இதில் மோசடி ஏதும் இல்லை, அவற்றின் வாழ்க்கையே அப்படித்தான்.

மோசடி எப்போது வருகிறது என்றால், யாரோ ஒருவர் அந்த காரண்டைப் பிரித்து, அது செய்யப்பட்ட மாதத்துக்குப் பொருந்தும் பாகங்களாகத் தேடிப் பொருத்தி, "ஆலை நிலையிலேயே தப்பிப் பிழைத்தது" என்று விற்கும்போது. பாகங்களைத் தேடிச் சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். சேர்த்தது யார், எப்போது என்பதைச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. எனவே "ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது, உங்களுக்குத் தெரிந்து?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள்.

நம்பர் எல்லாம் ஒத்துப் போகுதே, அது போதாதா?

போதாது, ஆனால் நல்ல தொடக்கம். ஜெர்மானிய லூகர் பி08 பிஸ்டலில் முழு எண் பெரிய பாகங்களிலும், கடைசி இரண்டு இலக்கம் சிறு பாகங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே எண் வரிசையாக வந்தால் மதிப்பு பல மடங்கு ஏறும். அதனால்தான் எண்ணைத் தேய்த்துவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாகக் குத்துகிறவர்கள் உண்டாகிறார்கள்.

சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மானிய மவுசர் கே98கே ரைபிள்களை நல்ல உதாரணமாகச் சொல்லலாம். கிடங்கில் பாகங்களைக் கலந்து சுத்தம் செய்து, மறுபடி சேர்த்தபோது, எந்த போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எந்த ரைபிளுக்கு என்று தெரிய மின்பேனாவால் எண்ணைக் கீறி வைத்தார்கள். யாரையும் ஏமாற்ற அதைச் செய்யவில்லை, பார்த்ததும் தெரியும். பின்னாளில் சிலர் அந்தக் கீறலைத் தேய்த்து எடுத்துவிட்டு ஜெர்மானிய எழுத்து மாதிரியில் எண்ணைக் குத்துகிறார்கள். அந்த இடத்தில் உலோகம் லேசாகப் பள்ளமாக இருக்கும், எழுத்தின் வடிவம் மற்ற பாகங்களோடு ஒட்டாது. ஒரு பாகத்தின் எண்ணை மட்டும் பார்க்காமல், எல்லா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள்.

ரீப்ளூ பண்ணியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரும்புக்கு நீலக்கருப்பு நிறம் கொடுக்கும் ப்ளூயிங்கைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் பழைய மேற்பரப்பைத் தேய்த்தாக வேண்டும். அந்தத் தேய்ப்புதான் காட்டிக்கொடுக்கும். கூராக இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கியிருக்கும். திருகு ஓட்டைகளின் வாய் கிண்ணம் போல விரிந்திருக்கும். முத்திரை எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் தெரியும். துருப் பள்ளத்துக்குள்ளேயே பளபளவென்று நீலம் இருந்தால், துரு முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது என்று அர்த்தம்.

அப்புறம், எந்த ஆலை எந்தப் பாகத்துக்கு என்ன நிறம் கொடுத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1937-க்கு முந்தைய லூகர்களில் ட்ரிக்கர் போன்ற சில சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். அவை துப்பாக்கியோடு சேர்ந்து நீலமாக இருந்தால், யாரோ எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள்.

நல்லா தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் என்ன தப்பு? என் பொருள்தானே?

உங்கள் பொருள்தான். சட்டப்படி யாரும் கேட்க முடியாது. ஆனால் துப்பாக்கியின் மரக்கட்டையைத் தேய்க்கும்போது அதில் ஆய்வாளர் குத்திய முத்திரையும் சேர்ந்து போய்விடும், அது திரும்பி வராது. துருவை நிறுத்த மெல்லிய எண்ணெய் போதும். அதற்கு மேல் எதையாவது செய்தால், செய்ததை எழுதி வையுங்கள். மறுசீரமைப்பு ஒரு மதிப்பான கலை. செய்தவர் பெயரோடு, செய்த தேதியோடு விற்கப்படும்போது அதற்குத் தனி மரியாதையே உண்டு.

தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தார் என்று குடும்பமே சொல்கிறது. அவங்களும் பொய் சொல்வாங்களா?

பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, நம்புகிறார்கள். தாத்தா போருக்குப் போனது உண்மையாக இருக்கும், பெட்டியில் துப்பாக்கி இருந்ததும் உண்மையாக இருக்கும். இரண்டையும் இணைத்தது பேரப்பிள்ளைகளின் கற்பனையாக இருக்கும். கதையைத் துப்பாக்கியிடமே கேட்டுச் சரிபார்க்க முடியும். 1968 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குள் வந்த துப்பாக்கிகளில் இறக்குமதி செய்தவரின் பெயர் பொறிக்கப்பட வேண்டும். குழலின் அடியில் சின்ன எழுத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தால், 1945-ல் தாத்தாவின் பையில் வந்த துப்பாக்கி அது இல்லை. அந்த எழுத்தைத் தேய்த்து எடுத்த தடம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் கைப்பற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோக அதிகாரி கையெழுத்திட்ட அனுமதித் தாள் கொடுப்பார்கள். அதில் சீரியல் எண் எழுதியிருந்து, அது துப்பாக்கியோடு ஒத்துப்போனால் பலமான சான்று. வெறும் "ஒரு பிஸ்டல்" என்றிருந்தால், அந்தத் தாளை எந்த பிஸ்டலோடும் வைத்து விற்கலாம்.

பிரபலங்களின் துப்பாக்கிகளில் இது உச்சத்துக்குப் போகும். மேற்கு அமெரிக்காவின் பெயர்பெற்ற சட்டக் காவலர் பேட் மாஸ்டர்சன், பின்னாளில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தபோது, தன் துப்பாக்கியைக் கேட்டு நச்சரித்த ஒருவருக்காக அடகுக்கடையில் ஒரு பழைய ரிவால்வர் வாங்கி, கைப்பிடியில் வெட்டுக்குறிகள் போட்டுக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. மாஸ்டர்சன் கையாலேயே கொடுத்த துப்பாக்கி என்பது அப்போதும் உண்மைதான், பாருங்கள். இதற்கு நேர்மாறாக, பில்லி தி கிட் என்ற பிரபலக் குற்றவாளியை 1881-ல் சுட்ட ஷெரிஃப் பேட் கேரட்டின் கோல்ட் ரிவால்வர். கேரட் இறந்த பிறகு அது வேறொருவரிடம் இருந்தது. அதை மீட்க கேரட்டின் மனைவி 1930-களில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அது 2021-ல் ஏலத்துக்கு வந்தபோது வெறும் குடும்பக் கதையை நம்பி நிற்கவில்லை, அதன் பின்னால் வழக்கின் தடம் இருந்தது.

கம்பெனியிலிருந்தே கடிதம் வாங்கிட்டேன். இனிமே கவலை இல்லையே?

கோல்ட் நிறுவனம் தன் பழைய பேரேடுகளைப் பார்த்து, இந்த எண் கொண்ட துப்பாக்கி எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, குழல் எவ்வளவு நீளம், என்ன பூச்சு என்று கடிதம் தரும். வின்செஸ்டரின் பழைய பதிவுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அந்தக் கடிதம் பேசுவது அன்றைக்கு ஆலையை விட்டுப் போன துப்பாக்கியைப் பற்றி. உங்கள் மேசை மேல் இருப்பது அதே துப்பாக்கிதான் என்று அது எங்கேயும் சொல்லாது.

ஒரு பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி ஒரு துப்பாக்கியைத் தயார் செய்வது சாத்தியம். குழலை மாற்றி, நிக்கல் பூசி, எண்ணைக் குத்தினால் காகிதமும் பொருளும் ஒத்துப்போகும். கடிதத்தை நம்புங்கள், ஆனால் எண் குத்தப்பட்ட இடத்தையும் பூச்சையும் மேலே சொன்னபடி தனியாகப் பாருங்கள்.

ரெப்ளிகாவை ஒரிஜினல் என்று தலையில் கட்டிவிடுவார்களா?

கட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டு கோல்ட் ரிவால்வர்களின் நகல்கள் 1950-களின் இறுதியிலிருந்து இத்தாலியில் செய்யப்படுகின்றன. நேர்மையான தயாரிப்புகள், குழல் தாங்குமா என்று சோதித்ததைக் காட்டும் இத்தாலியச் சோதனை முத்திரையும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் பொறித்தே வெளிவரும். அந்த முத்திரைகளைத் தேய்த்துவிட்டு, அமிலம் போட்டு வயதாக்குகிறவர்கள்தான் பிரச்சினை. முதல் நகல்களுக்கே இப்போது அறுபது வயது தாண்டிவிட்டதால், அசல் தேய்மானமும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு வகை, கைபர் கணவாய்ப் பக்கம், பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் கைவேலையாகச் செய்யப்பட்ட பிரிட்டிஷ் ரைபிள் நகல்கள். ஆப்கானிஸ்தானுக்குப் போன வெளிநாட்டு வீரர்கள் பலர் இவற்றை வாங்கி வந்தார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாக இருக்கும், என்ஃபீல்ட் என்ற பெயரிலேயே எழுத்துப்பிழை இருக்கும். விக்டோரியா ராணியின் முத்திரைக்குக் கீழே 1901-க்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். எனக்கு இந்த நகல்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. அவற்றை அவற்றின் பெயரிலேயே வாங்கினால் அருமையான வரலாற்றுப் பொருள்.

"ரொம்ப அரிது" என்று சொல்றாங்க. நம்பலாமா?

இன்றைக்கு அரிதாக இருப்பது நாளைக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. நேபாளத்தில் செய்யப்பட்ட கஹேந்திரா ரைபிள் சேகரிப்பாளர்கள் கண்ணில் படாத பொருளாக இருந்தது. 2003-ல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கில் இருந்த பழைய ஆயுதங்கள் மொத்தமாக விற்கப்பட்டு வெளியே வந்தபோது அந்த நிலை மாறியது.

செயற்கையாக உண்டாக்கப்படும் அரிது இன்னொன்று. சாதாரண ரைபிளில் தொலைநோக்கியைப் பொருத்திவிட்டால் அது "ஸ்னைப்பர்". லீ-என்ஃபீல்டின் அசல் ஸ்னைப்பர் வகையான நம்பர் 4 டி ரைபிளில், தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்திலும், ரைபிளின் எண் தொலைநோக்கியின் தாங்கியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றையொன்று சாட்சி சொல்லும் இந்த ஏற்பாட்டை முதலில் தேடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்; "பிற்பாடு சேர்த்த ஜோடி" என்று அவரே சொன்னால் அவரிடம் தைரியமாகப் பேச்சைத் தொடரலாம்.

சுட்டுப் பார்க்கலாமா? விற்றவர் "தாராளமா சுடலாம்" என்றாரே.

மற்ற எல்லாப் பொய்யிலும் பணம்தான் போகும். இதில் கண்ணும் கையும் போகும். அந்த வகைத் துப்பாக்கியில் பழக்கமுள்ள துப்பாக்கி மெக்கானிக் கையில் பார்த்துச் சொல்லும்வரை சுட வேண்டாம். யார் சொன்னாலும் சரி.

ஒரு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்தவற்றில் 8,00,000-க்குக் குறைந்த எண்களும், ராக் ஐலண்ட் ஆலையில் செய்தவற்றில் 2,85,507-க்குக் குறைந்த எண்களும் சந்தேகத்துக்குரியவை. அந்தக் காலத்தில் காய்ச்சிய இரும்பின் வெப்பத்தைத் தொழிலாளிகள் நிறத்தைப் பார்த்துக் கண்ணால் கணித்தார்கள். வெளிச்சம் மாறினால் கணக்கும் மாறியது. அதிகம் சூடேறிய இரும்பு நொறுங்கும் தன்மையாகி, சில ரைபிள்கள் சுடும்போதே வெடித்தன. இந்த எண் வரம்பு சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர் சொல்லாமல் விற்றால் அதை மறதி என்று நான் ஏற்கமாட்டேன்.

இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் டமாஸ்கஸ் குழல் என்பது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிக் காய்ச்சி அடித்து ஒட்டியது. பெரும்பாலானவை கரிமருந்துக் காலத்துக்கானவை, அதாவது இன்றைய புகையற்ற மருந்துக்கு முந்தையவை. உள்ளே இருந்த துருப் பள்ளத்தைக் கடைந்து எடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம். குழல் அந்த அளவு மெலிந்திருக்கும். லண்டனிலும் (1637-லிருந்து), பர்மிங்காமிலும் (1813-லிருந்து) இருக்கும் சோதனை நிலையங்களின் முத்திரை, சோதித்த நாளின் அளவுக்கு மட்டும்தான் பேசும். எனவே "உள்ளே பளபளப்பாக இருக்கிறது" என்று சொல்பவரிடம் குழல் சுவரின் கனத்தை அளந்து தரச் சொல்லுங்கள். வெட்டிச் செயலிழக்கச் செய்த ரைபிள்களை வெல்டிங் வைத்து மறுபடி உண்டாக்கியவையும் சந்தையில் இருக்கின்றன. அவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

வாய்வழியாக மருந்து இடும் பழைய துப்பாக்கிகள் பல, இன்னும் உள்ளே மருந்தும் குண்டுமாகவே கிடைக்கின்றன. குழலை யாரையும் நோக்காத திசையில் பிடித்து, முன்னால் நிற்காமல் மரக்குச்சியை மெல்ல உள்ளே விட்டு வாய் விளிம்பில் குறி போடுங்கள். பிறகு குச்சியை வெளிப்புறமாக வைத்துப் பாருங்கள். நுனி தீத்துளை (மருந்துக்குத் தீ போகும் துளை) வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்களாக எடுக்கப் போக வேண்டாம்.

படத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. திருப்பிக் கொடுக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் வந்து பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்று சொல்லும் விற்பனையாளர், தன் படங்களையே நம்புகிறார். நல்ல வெளிச்சத்தில் முத்திரைகள், எண்கள், திருகுத் தலைகள், கட்டையின் உட்புறம் எல்லாம் கேளுங்கள். கேட்ட படம் மட்டும் வராமல் மற்றதெல்லாம் வந்தால், வராத இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

மதிப்பு எவ்வளவு என்று யாரிடம் கேட்பது?

அதை வாங்க ஆசைப்படாதவரிடம். அமெரிக்காவில் பழம்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்லும் பிரபலத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நிபுணர்களாக வந்த இரண்டு ராணுவப் பொருள் வணிகர்கள், அந்தப் புகழைப் பயன்படுத்தி உள்நாட்டுப் போர்க்காலக் குடும்பச் சொத்துகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பல மடங்குக்கு விற்றார்கள். அருங்காட்சியகத்துக்குத்தான் போகிறது என்று வாரிசுகளை நம்பவைத்தார்கள். நிகழ்ச்சியில் வந்த ஒரு மதிப்பீடே முன்கூட்டி நடிக்கப்பட்டது. 2001-ல் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொருள் பற்றிய அறிவில் குறை எதுவும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சரி, விற்கிற அம்மாவுக்கே மதிப்பு தெரியலை. நான் வாயை மூடிக்கிட்டு வாங்கினா அது ஏமாற்றா?

இதற்கு ஆளுக்கு ஒரு பதில் இருக்கிறது. என் பதிலைச் சொல்கிறேன். இன்னொரு வணிகரிடம் வாங்கும்போது உங்கள் அறிவு உங்கள் சம்பாத்தியம். அவர் பார்க்கத் தவறியதை நீங்கள் பார்த்தால் அது ஆட்டத்துக்குள் வரும். கணவர் இறந்து பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர் உங்களிடம் "இது என்ன பெறும்?" என்று கேட்ட நொடியில் நீங்கள் வாங்குபவர் இல்லை, மதிப்பீட்டாளர். முந்தைய பதிலில் வந்த வணிகர்கள் நின்ற இடம் அது. உண்மை மதிப்பைச் சொல்லுங்கள், அதற்கு எவ்வளவு குறைவாக உங்களால் தர முடியும் என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். பலர் அதன் பிறகும் உங்களிடமே விற்பார்கள்.

அவர் கேட்கவே இல்லை, தானாக ஒரு விலை சொல்கிறார் என்றால்? சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கும். நான் சொல்லிவிடுவேன். சேகரிப்பாளர்கள் வட்டம் சின்னது, இந்த மாதிரிக் கொள்முதல் கதைகள் அதில் வேகமாகப் பரவும்.

நான் வாங்கினப்புறம்தான் எண் குத்தியது என்று தெரிஞ்சது. எனக்குச் சொன்னதையே சொல்லி வித்துடலாமா?

கூடாது. "எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்பது உங்களுக்குத் தெரியாதவரை உண்மை. தெரிந்த பிறகு பொய். முதலில் விற்றவரிடம் ஆதாரத்தோடு போங்கள். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், எனவே குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்றால், உள்ளதைச் சொல்லி உள்ள விலைக்கு விற்றுவிடுங்கள். நட்டம் உங்களோடு முடியும்.

சீரியல் எண்ணே இல்லை. திருட்டுப் பொருளா?

இல்லாததும் அழிக்கப்பட்டதும் ஒன்றல்ல. 1968-க்கு முன் அமெரிக்காவில் செய்யப்பட்ட விலை குறைந்த ரைபிள்கள், ஷாட்கன்கள் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ப்புத் தடம் இருந்தால் தொடாதீர்கள்; பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். இந்த விஷயத்தில் பேரம், தள்ளுபடி எதற்கும் இடமில்லை.

நண்பர் பெருமையா காட்டுறார். எனக்குப் போலி என்று படுது. சொல்லணுமா?

பலர் முன்னால் வேண்டாம். அவர் வாங்குவதற்கு முன் என்றால் உடனே தனியாகச் சொல்லுங்கள். வாங்கிவிட்டார் என்றால், அவர் கருத்துக் கேட்கும்வரை காத்திருக்கலாம். இரண்டு விதிவிலக்கு: அவர் அதைச் சுடப் போகிறார், அல்லது விற்கப் போகிறார். சொல்லும்போது தீர்ப்பு வழங்காமல் பார்த்ததைச் சொல்லுங்கள். "இந்த எழுத்து மற்றதோடு ஒட்டவில்லை, லென்ஸில் பாருங்களேன்" என்றால் போதும். உங்கள் கணிப்பும் தப்பாக இருக்கலாம்.

எனக்கப்புறம் பிள்ளைகள் விற்கும்போது அவங்க எப்படி உண்மையைச் சொல்வாங்க?

நீங்கள் எழுதி வைத்தால்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தாள்: சீரியல் எண், யாரிடம் எப்போது வாங்கியது, என்ன விலை, நீங்கள் மாற்றிய பாகங்கள், கழற்றி வைத்த பழைய பாகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சுடத் தகுந்ததா இல்லையா. கேள்விப்பட்ட கதையையும் எழுதுங்கள், ஆனால் யார் சொன்னது என்று சேர்த்து, நீங்களே சரிபார்த்ததிலிருந்து தனியாக. துப்பாக்கியின் மேல் எதையும் கீறவோ ஒட்டவோ வேண்டாம். தாளின் ஒரு நகலைத் துப்பாக்கி இருக்கும் பெட்டியிலும் இன்னொன்றை வீட்டுப் பத்திரங்களோடும் வையுங்கள். உரிமம் இல்லாத வாரிசு துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் யாரிடம் பேச வேண்டும் என்பதை அந்தத் தாளின் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.